மிஸ்டரி ஷாப்பிங்கில் மாதம் 20,000 வருமா? ஏழு வருடம் செய்தவள் சொல்லும் கணக்கு

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். பி.காம். முடித்து, டேலி என்ற கணக்கு மென்பொருளும் படித்திருக்கிறேன். மகன் பள்ளிக்குப் போன பிறகு 9 மணியிலிருந்து 3 மணி வரை நேரம் இருக்கிறது. வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் போதவில்லை. கடைகளுக்கு வாடிக்கையாளர் மாதிரி போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தால் மாதம் 20,000 ரூபாய் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. பதிவுக் கட்டணம் 1,500 கேட்கிறார்கள். இது உண்மையான வேலையா? சேரலாமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்:

வேலை உண்மை. உங்களுக்கு வந்த தகவல் பொய். அந்த 1,500 ரூபாயைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் அடுத்து ஐடி கார்டுக்கு, பயிற்சிக்கு என்று கேட்பார்கள். அங்கேயாவது நிறுத்திவிடுங்கள்.

நான் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2016 கடைசியில் ஆரம்பித்து ஏழு வருடம் சனி, ஞாயிறுகளில் இந்த மிஸ்டரி ஷாப்பிங் வேலையைச் செய்தேன். கணக்குப் பிரிவுப் புத்தி என்பதால் ஒவ்வொரு வேலைக்கும் வரவு, செலவு, செலவான நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஊர் ஊருக்குக் கிளை வைத்திருக்கும் ஓட்டல், துணிக்கடை, பெட்ரோல் பங்க், வங்கி, கார் ஷோரூம் எல்லாவற்றுக்கும் ஒரே கவலைதான்: தலைமை அலுவலகம் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கிறது, திருச்சிக் கிளையில் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும்? மேனேஜர் வருகிறார் என்றாலே அன்றைக்குத் தரை பளபளக்கும். அதனால் முகம் தெரியாத ஒருவரை வாடிக்கையாளராக அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 1940-களில், கடை ஊழியர்கள் கல்லாவில் கை வைக்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் பரவிய பழக்கம் இது. இப்போது நேர்மையைவிட சேவையைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

கடைக்காரர் நேரடியாக உங்களைக் கூப்பிட மாட்டார். நடுவில் ஆடிட் கம்பெனிகள் இருக்கின்றன. பேர் இன்டர்நேஷனல், ஃப்ளோர்வாக் போன்றவை இந்தியாவில் இந்த வேலை தருகிறவை. இந்தத் துறைக்கு எம்எஸ்பிஏ என்று ஓர் அமைப்பும் உண்டு. இவர்களில் யாரும் சேருவதற்குப் பணம் வாங்குவதில்லை. இணையதளத்தில் நீங்களே போய்ப் பெயர், ஊர், வயது, பான், வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துப் பதிய வேண்டும். அப்புறம் உங்கள் ஊரில் வேலை வரும்போது மின்னஞ்சல் வரும். ஒரு எச்சரிக்கை: மோசடிக்காரர்கள் இதே கம்பெனிகளின் பெயரையும் லோகோவையும் போட்டுத்தான் வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள். அதனால் அவர்கள் அனுப்பிய லிங்க்கைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டித் தேடிப் போங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நாள் சொல்கிறேன்.

அவிநாசி சாலையில் ஒரு பர்கர் கடை. மாலை 7 முதல் 9 மணிக்குள் போக வேண்டும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும், 2 பேருக்கு மேல் கூடாது. பில்லில் 700 ரூபாய் வரை திருப்பித் தருவார்கள். எனக்குத் தரும் கட்டணம் 250. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைத்ததும் மணி பார்ப்பது மாதிரி போனை எடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட்: 7.42. எனக்கு முன்னால் 4 பேர். என் முறை வந்தது 7.49. எதிரே நின்றவர் வணக்கம் சொன்னாரா, பெயர் அட்டை குத்தியிருந்தாரா, "காம்போவா மாத்திடட்டுமா மேடம்" என்று கேட்டாரா, கொடுத்த இரண்டு ஐந்நூறுக்கு மீதியை எண்ணிக் கொடுத்தாரா, பில்லைக் கேட்காமலே நீட்டினாரா? தட்டு கைக்கு வந்தது 7.56. பிறகு கழிவறை: சோப்பு, தண்ணீர், தாழ்ப்பாள், சுவரில் மாட்டிய துப்புரவு அட்டையில் கடைசிக் கையெழுத்து எத்தனை மணிக்கு. அன்றைக்கு மாலை 4 மணிக்கு மேல் யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அதற்கு ஒரு போட்டோ.

இவ்வளவையும் பேனாவோ தாளோ எடுக்காமல் நினைவில் வைக்க வேண்டும். நான் கண்டுபிடித்த வழி, எதிரே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப் அனுப்புவது. "742, 4 பேர், 749, கண்ணாடி, உயரம், காம்போ கேக்கல." அவர் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும், அவர் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஏழு வருடத்தில் இந்த வேலையால் முழு லாபம் அடைந்தவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்தால்தான் உண்மையான வேலை. ரிப்போர்ட்டில் கிட்டத்தட்ட 60 கேள்விகள் இருக்கும். "இல்லை" என்று பதில் போட்ட ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், சில வேலைகளுக்கு 12 மணி நேரம்தான். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், எளிய ஆங்கிலம் போதும். புதிதாக வருகிறவர்கள் "ஊழியர் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை" என்று எழுதி அனுப்புவார்கள். அது திரும்பி வந்துவிடும். "நான் கவுன்டர் முன் நின்ற பிறகு 40 நொடி அவர் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார், பிறகு என்னைப் பார்க்காமலே 'சொல்லுங்க' என்றார்" என்று எழுதினால் நிற்கும். பார்த்ததை எழுத வேண்டும். மரியாதை இருந்ததா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு ரிப்போர்ட்டில், காம்போ கேட்காத ஒரு பையனைப் பற்றி எழுதினேன். பார்க்க மிகவும் களைத்துப்போயிருந்தான். அடுத்த மாதம் சும்மா அந்தப் பக்கம் போனபோது அவன் அங்கே இல்லை. என் ரிப்போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். அதற்குப் பிறகு, அந்த நேரத்தில் கவுன்டரில் ஒரே ஆள்தான் இருந்தார், வரிசையில் 9 பேர் நின்றார்கள் என்பது போன்ற விவரங்களையும், கேட்கிறார்களோ இல்லையோ, சேர்த்தே எழுத ஆரம்பித்தேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த பர்கர் கடை பில் 780. திருப்பித் தந்தது 700, கையிலிருந்து போனது 80. வண்டிக்கு பெட்ரோல் 60. கட்டணம் 250-இல் மிஞ்சியது 110 ரூபாய். நேரம்? விதிமுறைகளைப் படித்து, அவர்கள் வைக்கும் சின்னப் பரீட்சையை எழுத அரை மணி. போக 40 நிமிடம், வர 40. கடையில் 1 மணி. ரிப்போர்ட் ஒன்றரை மணி. மறுநாள் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் எடிட்டர் கேட்ட சந்தேகங்களுக்குக் கால் மணி. மொத்தம் நாலரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். மணிக்கு 24 ரூபாய். இரண்டு பேர் வெளியில் சாப்பிட்டோம் என்பது தனி. எப்படியும் வெளியில் சாப்பிடப் போகிற குடும்பம் என்றால் அந்த 700 ரூபாய் மிச்சம்தான். போகாத குடும்பம் என்றால் பர்கரை வைத்து மளிகைக் கடன் அடைக்க முடியாது.

எல்லா வேலையும் இவ்வளவு மோசமில்லை. போன் ஆடிட் என்று ஒன்று உண்டு. ஒரு கிளைக்குப் போன் செய்து, விலை விசாரித்து, எத்தனை ரிங்கில் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதுவது. எனக்கு 100 ரூபாய் கொடுத்தார்கள், முழுக்க 25 நிமிடத்தில் முடிந்துவிடும். கார் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்டுப் போனதற்கு 600 கிடைத்தது. ஆனால் ஒரே ஷோரூமுக்கு உங்களை மறுபடி அனுப்ப மாட்டார்கள், முகம் தெரிந்துவிடும் அல்லவா. வருடத்தில் ஓரிரண்டு தடவை வந்தால் அதிகம். பெட்ரோல் பங்க் வேலை எனக்குப் பிடித்தது. மீட்டர் பூஜ்யத்தைக் காட்டினார்களா, காற்று இலவசமாக அடித்தார்களா, 5 லிட்டர் அளவுப் பாத்திரம் கேட்டால் எடுத்துத் தந்தார்களா என்று பார்ப்பது. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் தப்பு. அளந்து காட்டச் சொல்லிக் கேட்க எல்லா வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு, நீங்களும் கேட்கலாம். நான் அந்த வேலைக்குப் போன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

என் நோட்டில் உள்ள மிக நல்ல மாதம் ஒரு தீபாவளி மாதம், 6,400 ரூபாய். ஒன்றுமே வராத மாதங்கள் நிறைய. வருடத்தைச் சராசரி போட்டால் மாதம் 2,000 பக்கம் நிற்கிறது. சென்னை, பெங்களூரு என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் கிளைகள் அதிகம். திருச்சியில் தில்லைநகர், கன்டோன்மென்ட், சத்திரம் பேருந்து நிலையம் சுற்றித்தான் பெரும்பாலும் வரும். ஆகவே மாதம் 20,000 என்று யாராவது சொன்னால், அவர் இந்த வேலையைச் செய்ததில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கலை யாரும் முன்னால் சொல்ல மாட்டார்கள். பணம் முதலில் உங்கள் கையிலிருந்து போகும், திரும்பி வர 30 முதல் 60 நாள் ஆகும். மாதம் நாலு வேலை எடுத்தால் 2,000, 3,000 ரூபாய் வெளியில் மாட்டிக்கொண்டே இருக்கும். ரிப்போர்ட் நிராகரிக்கப்பட்டால் அதுவும் போச்சு. எனக்கு ஒருமுறை 640 ரூபாய் போனது. மதியம் 12.30-க்கு மேல் போகச் சொல்லியிருந்தார்கள். பில்லில் 12.21 என்று அச்சாகியிருந்தது. ஒன்பது நிமிடம். எத்தனையோ எழுதிப் பார்த்தேன், அசையவில்லை. வீட்டுச் செலவை இழுத்துப்பிடித்து நடத்துகிறவர்கள் இந்த வேலையில் இறங்குவதற்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

சரி, மோசடிகள் பக்கம் வருவோம். நீங்கள் கேட்டது ஒன்று. ஆனால் இப்போதெல்லாம் இதைவிடப் பெரியது வருகிறது. முன்பணம் கேட்காமல், பணம் கொடுத்தே ஆரம்பிப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு நடந்தது. கூகுள் மேப்பில் ஓட்டல்களுக்கு 5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார்கள். மூன்று ஓட்டலுக்கு 150 ரூபாய், உடனே ஜிபேயில் வந்தது. மறுநாளும் வந்தது. பையனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். அங்கே "ப்ரீபெய்ட் டாஸ்க்": 1,000 போட்டால் 1,300. அதுவும் வந்தது. அடுத்தது 5,000. அதற்கடுத்து, "நீங்கள் தப்பாக அழுத்திவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது, திறக்க 18,000" என்றார்கள். குழுவில் இருந்த மற்ற 40 பேரும் "எனக்கு வந்துவிட்டது, நன்றி சார்" என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் அவர்களுடைய ஆட்களே. 2023 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் இந்த மாதிரி பகுதிநேர வேலை மோசடி செய்த 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. முடக்க முடக்க வேறு பெயரில் முளைக்கிறார்கள்.

டேட்டா என்ட்ரி மோசடி இன்னொரு தினுசு. வீட்டிலிருந்தே படிவம் டைப் செய்யும் வேலை, வாரத்துக்கு இவ்வளவு படிவம், 98 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் எப்படிச் செய்தாலும் 90 சதவீதம்தான் வந்தது என்பார்கள். பிறகு ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும், ஒப்பந்தத்தை மீறியதற்கு 6,000 கட்டுங்கள், இல்லாவிட்டால் கோர்ட் என்று. பயந்து கட்டுகிறவர்கள் பெண்கள்தான், வீட்டில் தெரிந்தால் திட்டுவார்களே என்று. கட்ட வேண்டாம். அந்த நோட்டீஸே போலி. மிரட்டல் தொடர்ந்தால் சைபர் கிரைமில் புகார் கொடுங்கள்.

உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களிடமும் ஜாக்கிரதை. "உங்க அக்கவுன்ட்ல பணம் வரும், அதை எடுத்துக் கொடுத்தா 2 பர்சென்ட்" என்பார்கள். வருவது இன்னொருவரிடம் திருடிய பணம். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு வைத்திருப்பவர் வீட்டு வாசலில்தான். அமெரிக்கா, கனடாவில் உறவினர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அங்கே மிஸ்டரி ஷாப்பர் என்ற பெயரில் காசோலை அனுப்பி, வங்கியில் போட்டு, கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணை அனுப்பச் சொல்கிறார்கள். சில நாள் கழித்துக் காசோலை போலி என்று தெரியும், கிஃப்ட் கார்டு பணம் நம் தலையில். இந்தியாவில் இதில் எது நடந்தாலும் பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

காசுக்கு 5 ஸ்டார் போடும் வேலை நிஜமாகவே பணம் கொடுத்தாலும் செய்யாதீர்கள். மிஸ்டரி ஷாப்பிங்கும் அதுவும் நேர் எதிர். அங்கே நல்லதா கெட்டதா என்று உண்மையை எழுதக் காசு, இங்கே பொய் எழுதக் காசு.

அடுத்து, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: பி.காம்., டேலி, காலை 9 முதல் 3. என்னைக் கேட்டால் இந்த மூன்றையும் வைத்து மிஸ்டரி ஷாப்பிங் பற்றி யோசிப்பதே வீண். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுங்கள். ஜிஎஸ்டி எடுத்த பாத்திரக் கடை, ஹார்டுவேர் கடை, மருந்துக் கடை எல்லோரிடமும் பில்கள் ஒரு பையில் குவிந்து கிடக்கும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும், வரி கட்டும் 3பி படிவம் 20-ஆம் தேதிக்குள். 8-ஆம் தேதி ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்த பிறகுதான் கடைக்காரர் பையைத் தேடுவார். வாரம் இரண்டு தடவை போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பில்களை டேலியில் ஏற்றி வைத்தால் அவருக்கு அது பெரிய நிம்மதி. எங்கள் ஊரில் இதற்கு ஒரு கடைக்கு மாதம் 2,000 முதல் 3,000 வரை கொடுக்கிறார்கள். நாலு கடை பிடித்தால் 10,000 பக்கம் வந்துவிடும், 3 மணிக்கு வீட்டில் இருக்கலாம். தாக்கல் செய்வதை ஆடிட்டரிடமே விட்டுவிடுங்கள், அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கடையைப் பிடிக்கப் பக்கத்தில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸில் போய்க் கேளுங்கள். எந்தக் கடையில் பை குவிந்திருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் இன்னொரு வேலையும் தோன்றுகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் டோக்கன் போட்டு, டாக்டர் சொன்னதை எழுதி அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்புவது. மின்சாரக் கட்டணம் கட்டித் தருவது. மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் போட உதவுவது. இதை உதவி என்று செய்தால் முதல் மாதம் நன்றாக இருக்கும், மூன்றாவது மாதம் கசக்கும். ஒரு தடவைக்கு இவ்வளவு என்று மகனிடமோ மகளிடமோ முதலிலேயே பேசிவிடுங்கள். ஏடிஎம் கார்டு, பின், ஓடிபி எதையும் கையில் வாங்காதீர்கள், அவர்களே வற்புறுத்தினாலும்.

கைவேலை தெரிந்தால் அது வேறு. பொள்ளாச்சியில் என் நாத்தனார் சேலை ப்ரீ-ப்ளீட்டிங் செய்கிறாள். கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச்சேலையை முதல் நாளே மடிப்பு எடுத்து, அயர்ன் செய்து, கிளிப் போட்டுப் பெட்டியில் மடித்துக் கொடுப்பது. மறுநாள் காலையில் ஐந்து நிமிடத்தில் கட்டிக்கொள்ளலாம். வீடியோ பார்த்துத் தன் சேலையிலேயே பழகினாள். அயர்ன் பாக்ஸ், ஹேர் ஸ்ட்ரெய்ட்னர், கிளிப், அட்டை எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடித்தாள். சாதாரணமாக ஒரு சேலைக்கு 350, மணப்பெண் சேலைக்கு 800 வாங்குகிறாள். தை, வைகாசி, ஆவணியில் தூங்க நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் சும்மா இருப்பாள், அப்போது ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பாள். ஒருமுறை டிஷ்யூ சேலையில் சூடு அதிகமாகி அயர்ன் பெட்டி ஒட்டிக்கொண்டது. 4,200 ரூபாய் கொடுத்து ஈடு கட்டினாள். அதிலிருந்து எந்தச் சேலையாக இருந்தாலும் உள்பக்க ஓரத்தில் முதலில் தொட்டுப் பார்க்காமல் பெட்டி வைப்பதில்லை.

மாவு, பொடி, பலகாரம் என்று யோசித்தால் வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். கணினித் தேர்வு மையங்களில் கண்காணிப்பாளர் வேலையும் உண்டு, நாள் கூலிதான், பட்டம் இருந்தால் எடுப்பார்கள். ஆனால் பெரும்பாலும் விடிகாலையில் போய் நிற்க வேண்டும், உங்கள் மகன் பள்ளிக்கு ஒத்துவராது. குரல் பதிவு, தமிழ் ஆடியோவை எழுத்தாக்குவது போன்ற வேலைகளில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்றால் அது ஆடியோவின் ஒரு மணி நேரம். அதை எழுதி முடிக்க நமக்கு நாலு மணி நேரமாவது ஆகும்.

வரி பற்றிச் சுருக்கமாக. ஆடிட் கம்பெனிகள் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்துவிட்டுக் கொடுக்கலாம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் வரை பிடிப்பார்கள். உங்கள் வருமானம் வரி வரம்புக்குக் கீழேதான் இருக்கும், அதனால் ரிட்டர்ன் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள், நான் முதல் இரண்டு வருடம் அப்படி விட்டேன், கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே. உங்கள் வீட்டுக்காரரும் ஏதாவது சேர்த்துச் செய்யலாம் என்று நினைத்தால் அவருடைய நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை செய்தார்கள் என்று 2022-இல் விப்ரோ 300 பேரை அனுப்பியது. அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் தனியார் வேலை, வியாபாரம் எதுவும் கூடாது.

இத்தனையும் படித்த பிறகும் மிஸ்டரி ஷாப்பிங் செய்து பார்க்க ஆசை இருந்தால், செய்யுங்கள். சுவாரசியமான வேலைதான், நான் ரசித்துத்தான் செய்தேன். முதல் வேலையாக ஓட்டலை எடுக்காதீர்கள். போன் ஆடிட் எடுங்கள், இல்லாவிட்டால் எதுவும் வாங்கத் தேவையில்லாத கடை வேலையை எடுங்கள். ரிப்போர்ட் திரும்பி வந்தாலும் கைக்காசு போகாது. அப்புறம், மகனைக் கூட்டிப் போகலாமா என்று முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். அவர்கள் சரி என்றாலும் கூட்டிப் போகாதீர்கள். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. ஒரு ஐஸ்கிரீம் கடையில் கவுன்டர் முன்னாலேயே நின்று, "அம்மா, இந்த அக்கா பேரை எழுதிக்கிட்டியா?" என்று கேட்டாள். அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கேட்காமலே இரண்டு ஸ்கூப் அதிகமாக வைத்துக் கொடுத்தார். 430 ரூபாய். ரிப்போர்ட் அனுப்பவே இல்லை.